பெட்டியில் எழுதிய 25 ஆம்பியர்: கான்டாக்டர் லேபிள் மீது ஒரு விமர்சனம்

புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். கான்டாக்டரின் முகப்பிலும் பக்கவாட்டிலும் அச்சிட்டிருக்கும் நாலைந்து வரிகளை யாரும் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. அந்த வரிகளை நம்பித்தான் பேனல் கட்டுகிறார்கள், அந்த பேனலை நம்பித்தான் ஒரு ஆள் மெஷினுக்குள் கையை விடுகிறார். அதனால் அந்த வரிகள் எதைச் சொல்கின்றன, எதைச் சின்ன எழுத்தில் தள்ளிவிடுகின்றன என்று கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாவு மில், நூற்பாலை, லிஃப்ட் மெஷின் ரூம், கிணற்றடி ஸ்டார்ட்டர் பெட்டி என்று த்ரீ ஃபேஸ் மோட்டார் ஓடும் பெரும்பாலான இடங்களில் உள்ளே ஒரு கான்டாக்டர் இருக்கும். பச்சை பட்டனை அழுத்தினதும் 'டக்'னு ஒரு சத்தம் வருமே, அது அதனுடையதுதான். காயிலில் கரண்ட் பாய்ந்தால் இரும்புக் கோர் காந்தமாகி எதிரில் இருக்கும் ஆர்மேச்சரை இழுக்கும். ஆர்மேச்சரோடு சேர்ந்து மூன்று ஃபேஸின் கான்டாக்ட்களும் மூடும். காயிலுக்குக் கரண்ட் நின்றால் ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ளிப் பிரித்துவிடும். ரிலேயும் இதே தத்துவம்தான். ரிலே சிறியது, ஒரு கட்டளையை இன்னொரு இடத்துக்குக் கடத்துவது அதன் வேலை. கான்டாக்டர் பெரியது, மோட்டாரின் மின்சாரத்தையே சேர்ப்பதும் பிரிப்பதும் அதன் வேலை.

இப்போது லேபிளுக்கு வருவோம். பேச்சுக்கு ஒரு மாதிரி வேண்டும் என்பதால் பரவலாகத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஷ்னைடர் நிறுவனத்தின் டெசிஸ் டி வரிசையில் வரும் எல்சி1டி09. இதில் குறையைத் தேடி இதை எடுக்கவில்லை. நல்ல சரக்குதான். சீமென்ஸ், ஏபிபி என்று எதை எடுத்தாலும் எழுதும் முறை இதேதான். இந்தக் கான்டாக்டருக்கு இரண்டு ஆம்பியர் எண்கள் உண்டு. ஒன்று 9, இன்னொன்று 25. ஒரே பொருள், ஒரே கான்டாக்ட், ஒரே வெள்ளிக் கலவை. அப்புறம் எப்படி இரண்டு எண்? இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

பதில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தில் இருக்கிறது. 25 என்பது ஏசி-1 வகைக்கு. 9 என்பது ஏசி-3 வகைக்கு. ஐஇசி 60947-4-1 என்ற தரநிலை சுமைகளை இப்படி வகை பிரித்திருக்கிறது. நம் நாட்டிலும் ஐஎஸ்/ஐஇசி 60947-4-1 என்று அதுவே நடைமுறையில் இருக்கிறது. ஏசி-1 என்றால் ஹீட்டர், உலை மாதிரி சாதுவான சுமை. ஏசி-2 ஸ்லிப்ரிங் மோட்டார். ஏசி-3 சாதாரண ஸ்குவிரல் கேஜ் மோட்டார்: அதை ஸ்டார்ட் பண்ணுவது, ஓடிக்கொண்டிருக்கும்போது ஆஃப் பண்ணுவது. ஏசி-4 அதே மோட்டார்தான், ஆனால் இன்ச்சிங், பிளக்கிங் எல்லாம் செய்வது. பட்டனைத் தட்டித் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது இன்ச்சிங். ஓடும்போதே எதிர்த்திசைக்கு மாற்றி நிறுத்துவது பிளக்கிங்.

இந்த வகைப்பாட்டை நான் மதிக்கிறேன். ஒரு சுமையை அதன் அளவை வைத்து மட்டும் பார்க்காமல் அதன் நடத்தையை வைத்துப் பேர் சொல்வது சாமானிய யோசனை இல்லை. ஆனால் கடையில் என்ன நடக்கிறது? "25 ஆம்ஸ் கான்டாக்டர் ஒண்ணு குடுங்க." அவ்வளவுதான் பேச்சு. ஏசி-1-ஆ ஏசி-3-ஆ என்று கேட்கிறவரும் சொல்வதில்லை, கொடுக்கிறவரும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஒரு தரநிலைக் குழு உட்கார்ந்து யோசித்த அத்தனை நுட்பமும் கவுண்டரைத் தாண்டும்போது ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 415 வோல்ட்டில் 10 எச்பி மோட்டார் முழுச் சுமையில் சுமாராக 15 ஆம்பியர் இழுக்கும். '25-க்குள்ள 15 தாராளமா அடங்குமே' என்று நினைத்து இந்தக் கான்டாக்டரைப் போட்டுவிடலாம். ஆனால் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது 15 இழுக்காது. நேரடி ஸ்டார்ட்டில் ஆறு மடங்கு சாதாரணம், அதாவது 90 ஆம்பியர். ஏசி-3 ஆயுள் சோதனையில் கான்டாக்டரை எவ்வளவு மின்னோட்டத்தில் மூட வைக்கிறார்கள்? அதன் ஏசி-3 எண்ணைப் போல ஆறு மடங்கு. 9-க்கு ஆறு மடங்கு 54. ஆக, 54-ல் பழக்கிய ஒன்றை ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் 90-ல் மூட வைக்கிறோம்.

மூடும் கணத்தில்தான் ஆபத்து அதிகம். வெள்ளிக் கலவை முனைகள் மோதியவுடன் ஒட்டி நின்றுவிடாது, சில மில்லி செகண்ட் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் சின்ன இடைவெளி, அந்த இடைவெளியில் ஆர்க். வெள்ளி உருகுவது 962 டிகிரி செல்சியஸில். ஆர்க்கின் வெப்பத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. உருகிய புள்ளியின் மேல் இன்னொரு முனை வந்து அழுத்திக் குளிர்ந்தால் அது வெல்டிங்தான், வேறு பேர் கிடையாது. எலக்ட்ரீஷியன்கள் "கான்டாக்டர் ஒட்டிக்கிச்சு" என்பார்கள். கேட்டலாக்கின் எந்த வரியையும்விட அந்த ஒரு சொல் நடந்ததைச் சரியாகச் சொல்லும்.

ஆக, முதல் குற்றச்சாட்டு லேபிளின் மீது என்பதைவிட அதைப் படிக்கும் பழக்கத்தின் மீது. 25 பொய் இல்லை. ஹீட்டருக்கு அது உண்மை. ஆனால் கான்டாக்டரைப் பொறுத்தவரை எவ்வளவு கரண்ட் உள்ளே ஓடுகிறது என்பது பாதிக் கேள்விதான். எதைச் சேர்க்கிறது, எதைப் பிரிக்கிறது, எத்தனை தடவை என்பது மீதி. கம்பியை ஆம்பியரால் அளக்கலாம், அது சும்மா கிடக்கிற பொருள். தினமும் ஆயிரம் தடவை அடித்துக்கொள்ளும் ஒரு பொருளை ஆம்பியரால் மட்டும் அளக்க முடியாது.

இரண்டாவது குற்றச்சாட்டு ஏசி-3 மீதே. சரி, 9 என்ற எண்ணை மதித்து 5 எச்பி மோட்டாருக்குத்தான் போட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது எல்லாம் ஒழுங்கா? ஏசி-3 ஒரு மோட்டாரைக் கற்பனை செய்கிறது. அந்த மோட்டார் கிளம்பும், முழு வேகத்துக்குப் போகும், அப்புறம்தான் யாராவது அதை நிறுத்துவார்கள். வேகத்தில் சுற்றும் மோட்டார் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதனால் கான்டாக்ட் பிரியும்போது இடைவெளிக்குக் குறுக்கே முழு வோல்டேஜ் வராது. தரநிலை இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஏசி-3 ஆயுள் சோதனையில் பிரிக்கும் வோல்டேஜை வெறும் 0.17 பங்கு என்று வைத்திருக்கிறது. 415 வோல்ட்டில் அது சுமார் 70 வோல்ட். மின்னோட்டமும் ஒரு மடங்குதான்: 9 ஆம்பியர்.

ஏசி-4-ல் கதையே வேறு. மோட்டார் வேகம் எடுக்கும் முன்னாலேயே பட்டனை விட்டுவிடுகிறார்கள். எதிர் மின்னழுத்தம் ஏதும் உருவாகவில்லை. அப்போது பிரிக்க வேண்டியது ஆறு மடங்கு மின்னோட்டம், முழு வோல்டேஜில். 70 வோல்ட்டில் 9 ஆம்பியரைப் பிரிப்பதும் 415 வோல்ட்டில் 54 ஆம்பியரைப் பிரிப்பதும் ஒரே கான்டாக்டர், ஒரே மோட்டார். வித்தியாசம் ஆபரேட்டரின் கட்டைவிரலில் இருக்கிறது. கேட்டலாக்கின் பின்பக்கங்களில் உள்ள வளைகோடுகளைப் பார்த்தால், முழு மோட்டார் சுமையில் ஏசி-4 ஆயுள் ஏசி-3 ஆயுளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போவது சர்வ சாதாரணம். ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் நிற்பது ஏசி-3 எண்தான். ஏசி-4 எண்ணைத் தேடிப் போக வேண்டும்.

ஒரு ஹாய்ஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏற்ற ஒரு கான்டாக்டர், கீழே இறக்க ஒன்று. தொங்கும் பெண்டன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அச்சை வார்ப்புப் பெட்டிமேல் உட்கார வைக்கிறார். தட்டு, தட்டு, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. ஒரு தடவை உட்கார வைக்கப் பத்துத் தட்டு. அவர் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். அவருடைய தொழிலே ஏசி-4. ஆனால் அந்த ஹாய்ஸ்ட்டுக்குக் கான்டாக்டர் தேர்ந்தெடுத்தவர் மோட்டாரின் எச்பியை மட்டும் பார்த்து ஏசி-3 பட்டியலிலிருந்து எடுத்திருந்தால்? ஒரு நாள் 'மேலே' கான்டாக்டர் ஒட்டிக்கொள்ளும். பட்டனை விட்டாலும் கொக்கி ஏறிக்கொண்டே இருக்கும். மேலே லிமிட் ஸ்விட்ச் இருக்கிறதே என்றால், சாதாரண ஹாய்ஸ்ட்டில் அது வெட்டுவது காயிலின் கரண்டை. காயில் ஏற்கெனவே விட்டுவிட்டது. பிடித்துக்கொண்டிருப்பது உருகி ஒட்டிய வெள்ளி. எமர்ஜென்சி பட்டனும் அதே காயிலைத்தான் வெட்டுகிறது என்றால் அதுவும் வீண். மெயினை இறக்குகிற வரைக்கும் ஓடும்.

இதனால்தான் இந்த எண் விளையாட்டை அலட்சியமாக விட முடியவில்லை. காயில் கருகினால் மெஷின் நிற்கும், நஷ்டம்தான், ஆபத்து குறைவு. கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மெஷின் நிற்காது.

இங்கே அமெரிக்கப் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். அங்கே நேமா என்ற உற்பத்தியாளர் சங்கத்தின் சைஸ் முறை நெடுங்காலமாக இருக்கிறது. சைஸ் 0, சைஸ் 1, சைஸ் 2 என்று போகும். சைஸ் 1-க்கு 27 ஆம்பியர். 460 வோல்ட்டில் 10 எச்பி மோட்டார் வரை போடலாம். அந்த ஊர் 10 எச்பி மோட்டார் 460 வோல்ட்டில் சுமார் 14 ஆம்பியர்தான் இழுக்கும். 14-க்கு 27! கொழுத்த இடைவெளி. நேமா சொல்வது இதுதான்: நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது, நீயும் ரொம்ப யோசிக்க வேண்டாம், நான் தாராளமாகவே செய்து தருகிறேன். பெட்டி பெரிசு, விலை அதிகம், பேனலில் இடம் அடைக்கும்.

ஐஇசி நேர் எதிர். உன் வேலை என்ன, மணிக்கு எத்தனை ஸ்டார்ட், எத்தனை வருஷம் ஓட வேண்டும் என்று சொல். அதற்கு அளவாகத் தைத்துத் தருகிறேன். சின்னப் பெட்டி, குறைந்த விலை. ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில்.

இரண்டும் நியாயமான வழிகள். எது மேல் என்று சண்டை போட எனக்கு ஆசையில்லை. என் குறை வேறு. நாம் ஐஇசி பெட்டியை வாங்குகிறோம், நேமா மனசோடு பயன்படுத்துகிறோம். கேள்விக்குப் பதில் சொல்லாமல் மலிவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இல்லாத கொழுப்பை இருப்பதாக நம்புகிறோம். 'கம்பெனிக்காரன் எப்பவும் கொஞ்சம் மார்ஜின் வச்சுத்தான் போட்டிருப்பான்' என்பது பேனல் கடைகளில் காதில் விழும் ஒரு வேதவாக்கு. ஐஇசி முறையில் அந்த மார்ஜினைத்தான் எடுத்து விலையைக் குறைத்திருக்கிறார்கள்.

அடுத்தது ஆயுள் எண்கள். கேட்டலாக்கில் முதலில் கண்ணில் படுவது இயந்திர ஆயுள். நம் மாதிரிக்கு 1.5 கோடி தடவை. பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அது கான்டாக்டில் கரண்டே இல்லாமல் வெறுமனே திறந்து மூடிய கணக்கு. மின் ஆயுள் கீழே இருக்கும்: 9 ஆம்பியர் ஏசி-3-ல் 20 லட்சம், 25 ஆம்பியர் ஏசி-1-ல் 6 லட்சம். அதாவது பெருமையாகச் சொல்லப்படும் அந்த 25-ஐ முழுசாக உபயோகித்தால் ஹீட்டருக்கே ஆயுள் 6 லட்சம்தான்.

மணிக்கு 60 ஸ்டார்ட், நாளுக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்றால் வருஷத்துக்கு 1,44,000 தடவை. 20 லட்சத்தை அடைய கிட்டத்தட்ட 14 வருஷம். நிம்மதி. அதே கான்டாக்டர் மணிக்கு 600 தடவை அடிக்கும் மெஷினில் இருந்தால் ஒன்றரை வருஷம் கூட வராது. இரண்டு பேனலிலும் லேபிள் ஒன்றேதான், இரண்டையும் ஒரே ஆள் ஒரே கடையில் வாங்கியிருக்கலாம். உலை வெப்பத்தைக் கட்டுப்படுத்த சில விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் ஹீட்டர் பேனல்களில் கான்டாக்டர் அடிக்கடி போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பெருக்கல் கணக்குத்தான். 'இந்த கம்பெனி சரக்கு சரியில்லை' என்று பிராண்டை மாற்றுவதால் அந்தக் கணக்கு மாறாது.

இதைவிட நேர்மையான ஓர் எண் இருக்கிறது. அது கான்டாக்டர் பெட்டியில் இல்லை, மெஷின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 13849-1 தரநிலையின் பின்னிணைப்பில் இருக்கிறது. பி10டி என்று பேர். ஒரு நூறு கான்டாக்டரை ஓட்டினால், அதில் பத்து ஆபத்தான வகையில் பழுதாகும் வரை எத்தனை தடவை இயங்கும் என்ற கணக்கு. 2015 பதிப்பில், சிறு சுமையில் ஓடும் கான்டாக்டருக்கு 2 கோடி, முழு மதிப்பீட்டுச் சுமையில் ஓடும் கான்டாக்டருக்கு 13 லட்சம். பதினைந்து மடங்கு வித்தியாசம், சுமையால் மட்டும். இந்த ஒரு அட்டவணை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், 'பழுது' என்று பொதுவாகச் சொல்லாமல் 'ஆபத்தான பழுது' என்று பிரித்துச் சொல்கிறது. நின்றுபோவது வேறு, நிற்காமல் போவது வேறு.

பாதுகாப்புப் பக்கம் யோசித்தவர்கள் கான்டாக்டர் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும் என்பதை ஏற்றுக்கொண்டே வடிவமைத்தார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கான்டாக்டர் போடுவது ஒரு வழி. ஒன்று ஒட்டினாலும் இன்னொன்று பிரிக்கும். ஆனால் முதலாவது ஒட்டியது யாருக்கும் தெரியாமல் போனால், இரண்டாவதும் ஒட்டும் நாள் வரை எல்லாம் நல்லாத்தான் ஓடும். அதற்குத்தான் மிரர் கான்டாக்ட். பிரதான கான்டாக்ட்களில் ஏதாவது ஒன்று ஒட்டியிருந்தால், காயில் விட்ட பிறகும் துணைக் கான்டாக்டில் இருக்கும் நார்மலி குளோஸ்ட் முனை மூடக்கூடாது என்ற உத்தரவாதம் அது. 60947-4-1-ன் எஃப் இணைப்பில் இருக்கிறது. ரிலேக்கு இதேபோல ஃபோர்ஸ் கைடட் என்று ஒன்று, ஐஇசி 61810-3-ல். அந்த முனையை சேஃப்டி ரிலேயின் ரீசெட் வழியில் போட்டால், ஒரு கான்டாக்டர் ஒட்டிய அடுத்த தடவை மெஷின் கிளம்பவே கிளம்பாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிரர் கான்டாக்ட் உள்ள கான்டாக்டர்கள் நம் பேனல்களில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. நம் மாதிரியிலும் உண்டு. காசு கொடுத்தாகிவிட்டது. அந்த முனையில் கம்பிதான் மாட்டப்படாமல் காலியாகக் கிடக்கும், இல்லையென்றால் ஒரு இண்டிகேட்டர் லைட்டுக்குப் போயிருக்கும்.

கேட்டலாக் மொழியில் இன்னொரு சொல்லையும் நிறுத்திப் படிக்க வேண்டும்: 'டைப் 2 கோஆர்டினேஷன்'. விற்பனைப் பேச்சில் இது உயர்தரத்தின் அடையாளமாக வரும். ஷார்ட் சர்க்யூட் ஆன பிறகும் ஸ்டார்ட்டர் மறுபடி உபயோகிக்கத் தகுதியாக இருக்கும் என்பது அதன் பொருள். டைப் 1-ல் ஆளுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதுதான் நிபந்தனை, சாமான் போனாலும் போகட்டும். சரி. ஆனால் டைப் 2-லும் கான்டாக்ட்கள் லேசாக ஒட்டிக்கொள்ளும் சாத்தியத்தைத் தரநிலை அனுமதிக்கிறது. சுலபமாகப் பிரித்துவிடக்கூடிய ஒட்டல். அதாவது ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பிறகு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். எம்பிசிபியை மேலே தூக்கிவிட்டு பச்சை பட்டனை அழுத்துவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை அது.

இனி, தரநிலை பேசும் கான்டாக்டர் வாழும் ஊரும் நம் ஊரும் ஒன்றா என்ற கேள்வி. காயில் வோல்டேஜ் 85 சதவீதத்திலிருந்து 110 சதவீதம் வரை இருந்தால் கான்டாக்டர் ஒழுங்காக இழுக்க வேண்டும் என்பது விதி. 415-ல் 85 சதவீதம் சுமார் 353 வோல்ட். லைனின் கடைசியில் இருக்கும் கிணற்று மோட்டாருக்கு, பக்கத்துத் தோட்டங்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது, 353 என்பது கனவாகவும் இருக்கலாம். மோட்டார் கிளம்பும் கணத்தில் வோல்டேஜ் இன்னும் இறங்கும். காயில் தளரும், கான்டாக்ட் பிரியும், மோட்டார் விட்டவுடன் வோல்டேஜ் ஏறும், ஆட்டோ ஸ்விட்ச் மறுபடி இழுக்கச் சொல்லும். இதுதான் சாட்டரிங், 'கடகட'வென்று அடிப்பது. ஒவ்வொரு அடியும் ஆறு மடங்கு கரண்டில் ஒரு மூடல், ஒரு பிரிப்பு. யாரும் இன்ச்சிங் செய்யாமலேயே அந்தக் கான்டாக்டர் ஏசி-4 வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அடிக்காமல் பாதி இழுத்து நின்றாலும் கெடுதல்தான். ஏசி காயில் இழுக்கும்போது நம் மாதிரியில் 70 விஏ எடுக்கும். முழுசாக மூடி உட்கார்ந்த பிறகு 7 விஏ போதும். கோர் முழுசாக மூடாமல் இடைவெளி இருந்தால் அந்தப் பெரிய கரண்ட் இறங்காமல் அப்படியே ஓடும். காயில் கருகும். 'காயில் போயிடுச்சு' என்று புதுக் காயில் மாட்டுவார்கள், அதுவும் போகும். அகலமான வோல்டேஜ் வரம்புக்குச் செய்த காயில் உள்ள ஸ்டார்ட்டர்கள் விவசாயத்துக்கென்றே சந்தையில் இருப்பது, உற்பத்தியாளர்களுக்கு இது தெரியும் என்பதற்குச் சாட்சி. லேபிளில் 415 என்று மட்டும் பார்த்து வாங்கினால் அந்த அறிவு வாங்குகிறவரிடம் வந்து சேராது.

சின்ன ரிலேக்களின் லேபிளும் இதே குடும்பம்தான். எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் நீல நிற ரிலேயில் 250 வோல்ட் ஏசிக்கு 10 ஆம்பியர், 30 வோல்ட் டிசிக்கு 10 ஆம்பியர் என்று இருக்கும். ஏன் டிசி 30-ல் நின்றுவிட்டது? நம் 50 ஹெர்ட்ஸ் ஏசி விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அந்தக் கணத்தில் ஆர்க் அணைய வாய்ப்பு கிடைக்கும். டிசிக்கு அந்தப் பூஜ்யமே கிடையாது, இடைவெளி போதாவிட்டால் ஆர்க் எரிந்துகொண்டே இருக்கும். சாதாரண ஒற்றைக் கான்டாக்ட் ரிலேயை 110 வோல்ட் டிசியில் போட்டால் வளைகோடு காட்டும் அளவு பெரும்பாலும் ஒரு ஆம்பியரைக் கூடத் தொடாது. 10 என்ற எண்ணை நினைவில் வைத்து வோல்டேஜை மறந்தவருக்கு அது எரிந்த பிறகுதான் தெரியும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 10 ஆம்பியர் தாங்கும் கான்டாக்டுக்கு 1 மில்லி ஆம்பியர் சிரமமா என்று தோன்றும். சிரமம்தான். வெள்ளியின் மேல் காற்றால் படியும் மெல்லிய படலத்தைச் சின்ன கரண்ட்டும் சின்ன வோல்டேஜும் உடைக்க முடியாது. அதனால் நம் மாதிரியின் துணைக் கான்டாக்டுக்கே குறைந்தபட்சம் 17 வோல்ட், 5 மில்லி ஆம்பியர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வேண்டும் என்றால் தங்க முலாம் பூசிய கான்டாக்ட் வேண்டும். அதிகபட்சத்தைப் போலவே குறைந்தபட்சமும் ஒரு எல்லை என்பது லேபிளில் தெரியவே தெரியாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். 'சார், இதெல்லாம் பழைய காலம். டிரைவ் போட்டுடலாம், சாலிட் ஸ்டேட் ரிலே போட்டுடலாம்.' பாதி சரி. டிரைவ் போட்டால் ஆறு மடங்கு கரண்ட் பிரச்சினை போய்விடும். மணிக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கும் ஹீட்டருக்கு சாலிட் ஸ்டேட் நிச்சயம் நல்லது, நானும் அதையே சொல்வேன். ஆனால் அது ஓடும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் சுமார் ஒரு வாட் வெப்பம் விடும், ஹீட்சிங்க் கேட்கும், ஆஃப் நிலையிலும் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். முக்கியமாக, பழுதாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகி ஆன் நிலையிலேயே நின்றுவிடும். ஒட்டிக்கொள்ளும் பிரச்சினையிலிருந்து தப்பிக்க அங்கே போனால் அதே பிரச்சினை அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அதற்கு முன்னால் உயர் வெப்பத்தில் வெட்டிவிட ஒரு கான்டாக்டரைப் போடுகிறார்கள்.

தரநிலையும் அப்படியே உறைந்து நிற்கவில்லை. ஐரோப்பாவில் 2015-லிருந்து ஐஇ3 என்ற உயர்திறன் மோட்டார்கள் கட்டாயமாகத் தொடங்கின. அவை ஓடும்போது குறைவாக மின்சாரம் எடுக்கும், ஆனால் கிளம்பும்போது பழைய மோட்டார்களைவிட அதிகமாக இழுக்கும். அதற்காகவே 60947-4-1-ன் 2018 பதிப்பில் ஏசி-3இ என்று புது வகை சேர்த்தார்கள். மோட்டாரின் நடத்தை மாறினால் வகையும் மாற வேண்டும் என்று ஒப்புக்கொண்டது நல்ல விஷயம். பழைய பேனலில் மோட்டாரை மட்டும் ஐஇ3-க்கு மாற்றுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லேபிளில் நான் மாற்றச் சொல்வது பெரிசாக ஒன்றுமில்லை. ஏசி-1 எண்ணைச் சின்னதாக்கி ஏசி-3 எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் ஏசி-4 எண்ணையும் போடட்டும். இயந்திர ஆயுளை எடுத்துவிட்டு மின் ஆயுளைப் போடட்டும். அது நடக்கும் வரை, கடையில் நாம்தான் மூன்று விவரம் சொல்லி வாங்க வேண்டும்: மோட்டார் எத்தனை எச்பி, மணிக்கு எத்தனை ஸ்டார்ட், ஓடும்போது நிறுத்துவதா தட்டித் தட்டி நகர்த்துவதா. பேனல் கட்டுகிறவர்கள் அந்த மூன்றையும், கான்டாக்டர் மாட்டிய தேதியையும் பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைக்கலாம். அடுத்து அதைத் திறக்கும் எலக்ட்ரீஷியன் 'அதே சைஸ் ஒண்ணு' வாங்கப் போவதா, ஒரு சைஸ் ஏற்றி வாங்குவதா என்று முடிவு செய்ய அது போதும்.